சேலஞ்சர்: கணக்கில் சேராத 16 பயணங்கள்

டேட்டா சம்பந்தமான பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வரும் ஒரு ஸ்லைடு உண்டு. 1986-ல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் படம், பக்கத்தில் இரண்டு கிராஃப். முதல் கிராஃபில் ஏழு புள்ளிகள். அதில் எந்தப் போக்கும் தெரியாது. இரண்டாவதில் 23 புள்ளிகள். பார்த்த உடனே புரியும்: குளிர் கூடினால் சேதம் கூடுகிறது. "ஒரு கிராஃபை ஒழுங்கா போட்டிருந்தா ஏழு பேர் பிழைச்சிருப்பாங்க" என்று வகுப்பு எடுப்பவர் முடிப்பார். எல்லோரும் தலையாட்டுவோம்.

நானும் ஜூனியர்களுக்கு இதே ஸ்லைடைப் போட்டுப் பாடம் எடுத்தவன்தான். பிறகு ஒருநாள் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் கமிஷனின் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் பாதிதான் சரி என்று தெரிந்தது. மீதிப் பாதி தப்பு என்பதைவிட, அது தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் என் வருத்தம். தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களும் என்னைப் போல மென்பொருளில் இருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்பது. சேலஞ்சரை ஒழுங்காகப் படித்தால், அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது என்று தெரியும். முதல் இரண்டு கேள்விகளை அந்த ஸ்லைடு கேட்பதே இல்லை.

அன்றிரவு மேசையில் என்ன இருந்தது

முதலில் இயந்திரம். விண்கலத்தின் இரண்டு பக்கமும் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகளை யூட்டாவில் மார்ட்டன் தயோகால் நிறுவனம் தயாரித்தது. ராக்கெட் முழுதாக வராது. துண்டு துண்டாக வந்து, ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைக்கப்படும். ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளேயிருக்கும் சூடான வாயு வெளியே வராமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பது அதுதான். ராக்கெட்டின் விட்டம் சுமார் 12 அடி. அந்தச் சுற்றளவு முழுக்க ஓடும் வளையத்தின் தடிமன் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பயணம் முடிந்ததும் ராக்கெட்டுகள் கடலில் விழும். அவற்றை மீட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். சில பயணங்களில் வளையம் அரிக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் வாயு முதல் வளையத்தைத் தாண்டிப் போய் புகைக்கரி படிந்திருந்தது.

1986 ஜனவரி 27 மாலை, யூட்டா, அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், கென்னடி மையம் என மூன்று இடங்களை இணைத்துத் தொலைபேசிக் கூட்டம் நடந்தது. மறுநாள் காலை கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னது. தயோகால் பொறியாளர்கள் 13 தாள்களை அனுப்பினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவக்கூடாது என்பது அவர்கள் பரிந்துரை.

இங்கேதான் ஸ்லைடு சறுக்குகிறது. அன்றிரவு ஏழு புள்ளிகள் கொண்ட கிராஃப் எதுவும் அங்கே இல்லை. அந்த ஏழு புள்ளி கிராஃப், விபத்துக்குப் பிறகு கமிஷன் தன் அறிக்கைக்காகப் போட்டது. அன்றிரவு அனுப்பிய தாள்களில் வெப்பநிலைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் தரையில் கிடத்தி எரித்துப் பார்த்த நான்கு சோதனை மோட்டார்கள்: 47, 48, 51, 52 டிகிரி. உண்மையில் பறந்தவற்றில் இரண்டே இரண்டு: 53 டிகிரியில் ஒன்று, 75 டிகிரியில் ஒன்று. கடைசியாக மறுநாளுக்கான கணிப்பு, சுமார் 29 டிகிரி.

அதுவரை 24 பயணங்கள் போய் வந்திருந்தன. வெப்பநிலைப் பட்டியலில் வந்தவை இரண்டு. இரண்டிலும் வாயு கசிந்திருந்தது. ஒன்று பறந்தவற்றிலேயே மிகக் குளிரான நாள், 1985 ஜனவரி. இன்னொன்று அதே வருடம் அக்டோபர், நல்ல இதமான நாள். குளிரிலும் கசிகிறது, வெயிலிலும் கசிகிறது என்றால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று நாசா தரப்பு கேட்டது. கையில் இருந்த பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், அது நியாயமான கேள்விதான்.

நான்கு சோதனை மோட்டார்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின. 53-ஐவிடக் குளிரில் எரித்தும் அவற்றில் கசிவு இல்லை. ஆனால் அவை வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. சோதனை மோட்டார்களில் இணைப்பின் உள்பக்கம் பூசும் மக்கை நன்றாகத் திணித்து அடைத்திருந்தார்கள். பறக்கும் ராக்கெட்டில் அப்படிச் செய்யவில்லை. இந்த வித்தியாசத்தைப் பொறியாளர்களே தங்கள் தாளில் எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒரே பட்டியலில் ஆறு எண்களையும் அடுக்கியதும், படிப்பவர் கண்ணுக்கு ஆறும் ஒரே ஜாதியாகத்தான் தெரியும்.

ஆக, ஒரே தாளில் இரண்டு விதமான சாம்பிள் கோளாறு. சேதமான பயணங்களை மட்டும் பொறுக்கி எடுத்தது ஒன்று. வேறு நிலைமையில் எரிந்த மோட்டார்களை அதோடு கலந்தது இன்னொன்று.

விட்டுப்போனவை எப்படி விட்டுப்போயின

இப்போது முழு டேட்டாவைப் பார்ப்போம். 24 பயணங்களில் நான்காவது பயணத்தின் ராக்கெட்டுகள் கடலில் மூழ்கிவிட்டன. மீட்க முடியவில்லை. மீதி 23.

சேதம் இருந்த ஏழு பயணங்களின் வெப்பநிலை: 53, 57, 58, 63, 70, 70, 75.

சேதம் இல்லாத 16 பயணங்களின் வெப்பநிலை: 66, 67, 67, 67, 68, 69, 70, 70, 72, 73, 75, 76, 76, 78, 79, 81.

முதல் வரிசையை மட்டும் ஒரு தடவை படியுங்கள். 53-லிருந்து 75 வரை பரவிக் கிடக்கிறது. எதுவும் தெரியாது. பிறகு இரண்டாவது வரிசையைப் படியுங்கள். 66-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதாவது 65 டிகிரிக்குக் கீழே போன நான்கு பயணங்களில் நான்கிலும் சேதம். அதற்கு மேலே போன 19-ல் மூன்றில்தான் சேதம். குளிரைப் பற்றிய செய்தி முழுக்க, ஒரு பிரச்சினையும் இல்லாமல் திரும்பி வந்த அந்த 16-ல்தான் இருக்கிறது.

கடலில் மூழ்கிய ஒன்றையும் பட்டியலில் வராத 16-ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. இரண்டுமே "டேட்டா இல்லை" என்ற வகைதான். ஆனால் நான்காவது பயணத்தின் ராக்கெட்டுகள் தொலைந்ததற்கும் ஓ-ரிங் நிலைக்கும் சம்பந்தமில்லை. பாராசூட்டில் கோளாறு. அதனால் ஒரு புள்ளி குறைகிறது, முடிவு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. பட்டியலில் வராத 16-ம் வராமல் போனதற்குக் காரணமே அவற்றில் சேதமில்லை என்பது. எந்த விடையைத் தேடுகிறோமோ அந்த விடையே சாம்பிளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இந்த மாதிரி ஓட்டையை எந்த டெஸ்டும் அடைக்காது. சாம்பிளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அடைக்காது. சேதமான பயணங்களாகவே இன்னும் எழுநூறைச் சேர்த்தாலும், "சேதம் எப்போது வராது?" என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

மென்பொருளில் இதை நான் நேரில் பட்டிருக்கிறேன். ராத்திரி ஓடும் ஒரு வேலை அடிக்கடி தோற்றுக்கொண்டிருந்தது. தோற்ற ஓட்டங்களின் பதிவுகளை எல்லாம் திரட்டினோம். எல்லாவற்றிலும் ஒரே எச்சரிக்கை வரி. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் அதைச் சரிசெய்தோம். மூன்றாவது நாள் வேலை மறுபடி தோற்றது. அப்புறம்தான் ஜெயித்த ஓட்டங்களின் பதிவைத் திறந்து பார்த்தோம். அதே எச்சரிக்கை அங்கேயும் இருந்தது, எல்லா நாளும். எங்கள் விஷயத்தில் தோல்விகளை மட்டும் பார்த்ததால் இல்லாத காரணம் இருப்பதாகத் தெரிந்தது. சேலஞ்சரில் இருந்த காரணம் இல்லாததாகத் தெரிந்தது. தவறு ஒன்றுதான். எந்தப் பக்கம் தள்ளிவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் ஆபத்து.

சரி, எந்த டெஸ்ட்?

ஸ்லைடில் இரண்டாவது கிராஃப் வந்ததும் கதை முடிந்துவிடும். கண்ணுக்கே தெரிகிறதே, டெஸ்ட் எதற்கு என்று. ஆனால் 23 புள்ளிகள் என்பது சின்ன சாம்பிள். கண் ஏமாறும். கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். எந்தக் கணக்கு என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள்.

கல்லூரியில் படித்த ஞாபகத்தில் பலரும் முதலில் கை வைப்பது கை-ஸ்கொயர் டெஸ்ட். குளிர், குளிரில்லை என்று இரண்டு வரிசை. சேதம், சேதமில்லை என்று இரண்டு நிரல். இங்கே அது பொருந்தாது. குளிரும் சேதமும் சேரும் கட்டத்தில், தொடர்பே இல்லையென்றால் எதிர்பார்க்கவேண்டிய எண்ணிக்கை 4-ஐ 7-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 1.2. கை-ஸ்கொயரின் தோராயம் இவ்வளவு சின்ன எண்ணில் நம்பத்தக்கதல்ல.

இந்த இடத்துக்கு ஃபிஷரின் துல்லிய டெஸ்ட் இருக்கிறது. கணக்கு எளிது. 23 பயணங்களிலிருந்து நான்கைப் பொறுக்க 8,855 வழிகள். சேதமான ஏழிலிருந்தே நான்கையும் பொறுக்க 35 வழிகள். 35-ஐ 8,855-ஆல் வகுத்தால் 0.004. அதாவது குளிருக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால், இப்படி நான்குக்கு நான்கும் அமைய ஆயிரத்தில் நான்கு வாய்ப்பு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு திருட்டுத்தனம் ஒளிந்திருக்கிறது. 65 என்ற கோட்டை யார் போட்டது? டேட்டாவைப் பார்த்த பிறகு, எங்கே போட்டால் அழகாகப் பிரியுமோ அங்கே நான் போட்டேன். அம்பு பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைவது போலத்தான் இது. 70-ல் கோடு போட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். அந்த 0.004-ஐ அப்படியே யாரிடமும் காட்டக்கூடாது.

கோடே தேவைப்படாத ஒரு வழி, 23 வெப்பநிலைகளையும் குளிரிலிருந்து வரிசைப்படுத்தி, சேதமானவை எந்த இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. மான்-விட்னி டெஸ்ட் செய்வது இதைத்தான். தொடர்பு இல்லையென்றால் ஏழு சேதப் பயணங்களின் வரிசை எண்களைக் கூட்டினால் சராசரியாக 84 வரவேண்டும். வந்தது 52.5. தற்செயலாக இவ்வளவு குறைய வாய்ப்பு, ஒரு பக்கக் கணக்கில், சுமார் 2 சதவீதம். 0.4-லிருந்து 2 சதவீதமாக ஏறிவிட்டது. மேஜிக் குறைந்தது, நேர்மை கூடியது. இப்போதும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை.

டி-டெஸ்ட் போட்டால்? சேதமானவற்றின் சராசரி 63.7, சேதமாகாதவற்றின் சராசரி 72.1. வித்தியாசம் தெரியும். ஆனால் கேள்வி தலைகீழாகிவிடுகிறது. "சேதமான பயணங்களில் வெப்பநிலை என்னவாக இருந்தது" என்பது யாருக்கும் வேண்டாம். "இந்த வெப்பநிலையில் ஏவினால் சேதமாக என்ன வாய்ப்பு" என்பதுதான் அன்றிரவின் கேள்வி. விடை ஆம் அல்லது இல்லை என்று வரும்போது, அதன் வாய்ப்பு வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் இருக்கிறது. 1989-ல் தலால், ஃபவுல்க்ஸ், ஹோட்லி மூவரும் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அதைத்தான் செய்தார்கள். 31 டிகிரியில் இணைப்பு அடியோடு தோற்றுப் பேரழிவு நேர வாய்ப்பு குறைந்தது 13 சதவீதம், 60 டிகிரி வரும்வரை காத்திருந்தால் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

அதிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒரு பயணத்தில் இப்படிப்பட்ட இணைப்புகள் ஆறு. 23-ஐ ஆறால் பெருக்கி 138 சாம்பிள் இருக்கிறது என்று மார்தட்டலாமா? ஒரே நாளில், ஒரே குளிரில், ஒரே குழு அடுக்கிய ஆறு இணைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் ஒரே வார்ப்பில் வந்த ஆறு உருப்படியை எடுத்துவிட்டு ஆறு சாம்பிள் என்று எழுதுவதும் இதே தப்புதான். இன்னொன்று, 31 என்பது பறந்ததிலேயே குளிரான 53-க்கு 22 டிகிரி கீழே. டேட்டா இல்லாத இடத்தில் கோட்டை நீட்டிக்கொண்டே போகிறோம். மாடல் ஒரு எண்ணைத் தரும், தராமல் இருக்காது. ஆனால் அந்த எண்ணின் இரு பக்கமும் பெரிய சந்தேகம் இருக்கிறது.

"53-க்குக் கீழே வேண்டாம்" என்று பொறியாளர்கள் சொன்னது இந்த இடத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் புள்ளியியல் ஒன்றுமில்லை. எங்களுக்கு அனுபவம் இருக்கும் எல்லை இது, அதைத் தாண்டாதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

யார் நிரூபிக்கவேண்டும்

முதல் கேள்வி, எந்த வரிகள் பட்டியலில் இல்லை, ஏன் இல்லை என்பது. இரண்டாவது கேள்வி இது. பாடப்புத்தகத்தில் இதை நல் ஹைப்பாதெசிஸ் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு ஃபார்முலாவுக்குப் போய்விடுவோம். உண்மையில் அது, ஆதாரம் போதாமல் போனால் யார் பக்கம் தீர்ப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்வது.

தரக்கட்டுப்பாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1920-களில் பெல் ஆய்வகத்தில் டாட்ஜும் ரோமிக்கும் சாம்பிள் பார்த்துச் சரக்கை ஏற்கும் முறையை வகுத்தபோதே இரண்டு அபாயங்களைப் பிரித்துவைத்தார்கள். நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும் அபாயம், அது உற்பத்தி செய்தவர் தலையில். மோசமான சரக்கை ஏற்றுக்கொள்ளும் அபாயம், அது வாங்குபவர் தலையில். சாம்பிள் சின்னதாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க முடியாது. எது பெரிய நஷ்டம் என்று மனிதர்கள்தான் சொல்லவேண்டும். சூத்திரம் சொல்லாது.

வழக்கமாக ஏவுதலுக்கு முன் தயாரிப்பாளர்தான் தன் ராக்கெட் தயார் என்று காட்டவேண்டும். சந்தேகம் இருந்தால் நிறுத்து. அன்றிரவு அது புரண்டது. ஏவுவது பாதுகாப்பானதல்ல என்று நிரூபிக்கவேண்டிய நிலைக்குத் தாங்கள் தள்ளப்பட்டதாக ரோஜர் பாய்ஸ்ஜோலியும், தயோகாலின் பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டும் பிற்பாடு கமிஷனிடம் சொன்னார்கள். தயோகால் கொஞ்ச நேரம் இணைப்பைத் துண்டித்துத் தனியாகப் பேசியது. பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி லண்டிடம் மேலதிகாரி சொன்னார். மறுபடி இணைப்புக்கு வந்தபோது பரிந்துரை மாறியிருந்தது.

டெஸ்ட் மொழியில் சொன்னால், "குளிரால் பாதிப்பில்லை" என்பது நல் ஹைப்பாதெசிஸ் ஆகிவிட்டது. இரண்டு பயணங்களை வைத்துக்கொண்டு அதை யாராலும் உடைக்க முடியாது. உடைக்க முடியாததை "பாதிப்பில்லை என்று தெரிகிறது" என்று படித்தார்கள். தொடர்பு தெரியவில்லை என்பதும் தொடர்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த அளவு சாம்பிளில் தொடர்பு இருந்தாலும் தெரியாது.

"24 தடவை பத்திரமாகப் போய் வந்ததே" என்ற வாதத்தையும் இதே தராசில் வைக்கலாம். 24 முயற்சியில் தோல்வி பூஜ்யம் என்றால், உண்மையான தோல்வி விகிதம் 95 சதவீத நம்பிக்கையில் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? சுமார் 12 சதவீதம். எட்டுக்கு ஒன்று என்ற அளவில் மோசமான ராக்கெட்கூட 24 தடவை அதிர்ஷ்டத்தில் தப்பித்திருக்க முடியும். நாசா நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றும், பொறியாளர்கள் நூறில் ஒன்று என்றும் சொன்னதை ரிச்சர்ட் ஃபைன்மன் தன் பின்னிணைப்பில் எழுதினார். 24 வெற்றி, இந்த இரண்டில் எது சரி என்று பிரித்துச் சொல்லக்கூடிய சாட்சியமே அல்ல.

நம்முடைய சாம்பிளும் சாய்ந்ததுதான்

இவ்வளவும் சொல்லிவிட்டு நானும் ஒரு தப்பைச் செய்யக்கூடாது. சேலஞ்சர் கூட்டத்தை ஏன் இத்தனை பேர் ஆராய்கிறோம்? மறுநாள் அது 73 வினாடியில் வெடித்ததால். ஏவுவதற்கு முன் யாரோ கவலை தெரிவித்து, அதை மீறி ஏவி, ஒன்றும் ஆகாமல் போன கூட்டங்களின் தாள்களை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. முடிவைப் பார்த்துச் சாம்பிளைத் தேர்ந்தெடுக்காதே என்று பாடம் நடத்தும் நாமே, முடிவைப் பார்த்துத்தான் இந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

எட்வர்ட் டஃப்ட்டி 1997-ல் வெளியிட்ட புத்தகத்தில், பொறியாளர்களின் தாள்கள் மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தன என்று விமர்சித்து, எல்லாப் பயணங்களும் அடங்கிய கிராஃபைத் தானே வரைந்து காட்டினார். நம்ம ஸ்லைடின் பூர்வீகங்களில் அதுவும் ஒன்று. 2002-ல் ராபிசனும் பாய்ஸ்ஜோலியும் இன்னும் இருவரும் சேர்ந்து பதில் எழுதினார்கள். அந்த கிராஃபுக்கு வேண்டிய வெப்பநிலை விவரங்கள் அன்றிரவு பொறியாளர்கள் கையில் இல்லை என்பதும், காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் டஃப்ட்டி கலந்துவிட்டார் என்பதும் அவர்கள் வாதம். படித்தபோது டஃப்ட்டியின் கிராஃப் மேல் இருந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் குறைந்தது. முழு டேட்டாவும் கையில் இருக்கும்போது அதை அழகாக வரைவது ஒரு திறமை. இன்னும் சில மணி நேரத்தில் முடிவெடுக்கவேண்டும், பாதி டேட்டா இல்லை என்கிற நிலையில், இல்லாத பாதியைப் பற்றி யோசிப்பது வேறு திறமை. ஸ்லைடு முதலாவதைக் கொண்டாடுகிறது. நமக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டாவது.

பின்புத்தி இல்லாமலே நிற்கக்கூடிய சாட்சியம் ஒன்று அன்றிரவும் இருந்தது. 1985-லேயே தயோகால் ஆய்வகத்தில் வளையத்தை அமுக்கி, பிறகு விட்டுப் பார்த்தார்கள். 100 டிகிரியில் வளையம் உடனே மீண்டு தொடர்பை விடாமல் பிடித்துக்கொண்டது. 75 டிகிரியில் மீண்டும் தொட 2.4 வினாடி ஆயிற்று. 50 டிகிரியில் பத்து நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். ராக்கெட் பற்றியதும் வளையம் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அடைத்தாகவேண்டும். இந்தச் சோதனையில் எந்தப் பயணத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பிரச்சினையே இல்லை. வெப்பநிலையை அவர்களே வைத்தார்கள், விளைவை அளந்தார்கள். பி-மதிப்பு எதுவும் இதற்கு வேண்டாம். பறந்த ராக்கெட்டுகளின் சாய்ந்த பட்டியலை வைத்துக்கொண்டு வாதாடாமல், இந்த மூன்று எண்களின்மேல் கூட்டம் நின்றிருக்கலாம். இதையும் நான் பின்புத்தியோடுதான் சொல்கிறேன், தெரியும்.

இப்போது பாடம் எடுக்கும்போது அந்த ஸ்லைடை நான் போடுவதில்லை. அதற்குப் பதிலாக அன்றிரவின் ஆறு எண்களைப் பலகையில் எழுதுகிறேன்: 47, 48, 51, 52, 53, 75. எதில் கசிவு, எதில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு 29 டிகிரி, என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். முதலில் யாராவது "எந்த டெஸ்ட் சார் போடணும்?" என்பார்கள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால், பின்வரிசையிலிருந்து ஒருவர் "மத்த ஃப்ளைட் எல்லாம் எங்க சார்?" என்று கேட்பார். அதற்குப் பிறகு சிலசமயம், எப்போதும் இல்லை, இன்னொருவர் கேட்பார்: "தெரியலைன்னா ஏவணுமா, நிறுத்தணுமா? அதை முதல்ல சொல்லுங்க."

அந்த இரண்டு கேள்வியும் வந்த பிறகுதான் நான் மான்-விட்னிக்குப் போகிறேன். வராத நாட்களில் நானே கேட்டுவிட்டுப் போகிறேன்.